முகம் பார்த்துப் போடும் வருகை

அன்று பதினொன்று நாற்பதுக்கு என் போன் அடித்தது. நேரம் மறக்காததற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணி கம்பெனியில் பதினொன்றரைக்கு டீ வரும். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது அடித்தது.

"ஏம்மா, நான் டீச்சர் பேசுறேன். ஒங்க பிள்ளை வீட்ல இருக்காளா?"

என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ராஜபாளையம். பள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் பஸ்ஸில் போய் வருவாள்.

"இல்லையே டீச்சர். எட்டு மணி பஸ்ல ஏத்திவிட்டுத்தான் நான் வேலைக்கு வந்தேன். ஸ்கூல்லதான் இருப்பா."

"இங்க இல்ல."

"வரலைன்னா மெசேஜ் வருமே டீச்சர். எனக்கு ஒண்ணும் வரலையே."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"மெசேஜ் வராதும்மா. பிள்ளையும் வரல. நீங்க கெளம்பி வாங்க."

அந்த டீச்சரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரை எழுதவில்லை. அந்த வருடம் மே மாதம் ஓய்வு பெற்று ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது என்பது மட்டும் தெரியும்.

கணக்கு டீச்சர் அவர். பிளஸ் டூ 'ஏ' பிரிவுக்கு வகுப்பாசிரியர். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை, தோளில் ஒரு துணிப்பை. பள்ளிக்கூடம் முழுவதும் அவரைப் பற்றிப் பேசியது ஒரே விஷயத்தைத்தான். அவர் வருகை எடுக்கும் விதம்.

மற்ற வகுப்புகளில் டீச்சர் உள்ளே வந்ததும் காலியாக இருக்கிற இடங்களை ஒரு பார்வை பார்ப்பார். இல்லையென்றால் வகுப்புத் தலைவியிடம் "யாரு வரல?" என்று கேட்பார். அரை நிமிட வேலை. இவர் அப்படியில்லை. ஐம்பத்திரண்டு பிள்ளைகளையும் முதலெழுத்தோடு முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். பார்த்த பிறகு கண்ணாடியை இறக்கி, பேனாவால் பதிவேட்டில் ஒரு கோடு போடுவார். ஐம்பத்திரண்டு தடவை கண்ணாடி ஏறும், இறங்கும். பத்து நிமிடம் போய்விடும்.

என் மகள் வீட்டில் என் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரைப் போலவே நடித்துக் காட்டுவாள்.

"ஏட்டி, தலையைத் தூக்கு. ஒன் மூஞ்சிய நான் பாக்க வேண்டாமா? இது என்ன ரேடியோவா, சத்தத்த மட்டும் கேட்டு எழுத?"

நானும் அவள் அப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்போம். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பாஸ்போர்ட் ஆபீஸ்'. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். ஒருநாள் தாமதமாக வந்த ஒருத்தியிடம், "பாஸ்போர்ட் ஆபீஸ் மூடியாச்சு தாயி, நாளைக்கு வா" என்று சொல்லி, அவள் அழுகிற நிலைக்கு வந்த பிறகுதான் உள்ளே விட்டாராம்.

ஒருமுறை கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்திருக்கிறார். தலைமையாசிரியை அவரை அழைத்துக்கொண்டு வகுப்பு வாசலுக்கு வந்தபோது, டீச்சர் முப்பதாவது பெயரில் இருந்தார். திரும்பிப் பார்த்து வணக்கம் சொன்னார். "இன்னும் இருவத்திரெண்டு பேர் இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு முப்பத்தொன்றாவது பெயரைக் கூப்பிட்டார். அதிகாரி வாசலிலேயே நின்றார். தலைமையாசிரியையின் முகம் போன போக்கை என் மகள் ஒரு வாரம் நடித்துக் காட்டினாள்.

இப்படி அவர் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கையாக இருந்தார். ஆடி மாதம் வரைக்கும்.

ஆடியில் என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. இருபத்து மூன்று நாள் படுக்கையில் கிடந்தாள். நான் அப்போது இரண்டு விஷயங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் அவளுக்குக் காமாலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, பள்ளியில் எத்தனை நாள் போயிருக்கிறது.

பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். அந்த வருடம் விதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். எழுத்துத் தேர்வு எழுபது, செய்முறை இருபது, உள்மதிப்பீடு பத்து. எழுத்தில் குறைந்தது பதினைந்து வாங்கினால்தான் தேர்ச்சி. உள்மதிப்பீடு பத்துக்குள்ளே வருகைக்கென்று இரண்டு. எண்பது சதவீதத்துக்கு மேல் வந்திருந்தால் முழுதாக இரண்டு, குறைந்தால் ஒன்று. எழுபத்தைந்துக்குக் கீழே போனால் ஹால் டிக்கெட்டுக்கே சிக்கல், மருத்துவச் சான்றோடு மன்னிப்பு விண்ணப்பம் எழுத வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அவள் கண்ணில் படட்டும் என்று.

காய்ச்சல் விட்டு அவள் பள்ளிக்குப் போன முதல் நாள், நானும் கூடவே போனேன். டீச்சர் கணக்கு நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இருவத்தி மூணு நாளையும் அப்படியே விட்டா பின்னால கஷ்டமாப் போயிரும். கொஞ்சம் போட்டு விட்டீங்கன்னா..."

"என்னத்தம்மா போட?"

"வந்ததா."

அவர் பேனாவை மூடினார்.

"காமாலையில கெடந்த பிள்ளைய நான் எப்படிம்மா இங்க உக்கார வைக்க?"

"எல்லா டீச்சரும் போடுறாங்களே."

"போடுவாங்க. நான் பாக்கலையே." பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னார். "டாக்டர் சீட்டு வச்சிருக்கீங்கல்ல? பத்திரமா வைங்க. குறைஞ்சா விண்ணப்பம் நானே எழுதித் தாரேன், நானே கையெழுத்துப் போடுறேன். அதுக்குன்னு ஒரு வழி இருக்குல்ல. பிள்ளைக்கு இன்னும் கண்ணு மஞ்சளாத்தான் இருக்கு. மத்தியானம் வெயில்ல அனுப்பாதீங்க."

மகளின் கண்ணைப் பற்றி அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. நான் அந்த 'முடியாது'வை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு வெட்கமாக இருந்தாலும். உள்மதிப்பீட்டில் ஒப்படைப்புக்கும், அதாவது அசைன்மென்ட்டுக்கும், இரண்டு மதிப்பெண் உண்டு. உடம்பு தேறாத பிள்ளை எழுதுவாளா என்று, அவளுடைய ஒப்படைப்பை நானே உட்கார்ந்து எழுதினேன். நான் பி.காம். படித்தவள். கையெழுத்து நன்றாக இருக்கும். தலைப்புகளுக்குப் பச்சை மையில் கோடு எல்லாம் போட்டேன். டீச்சர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தாராம். பிறகு கண்ணாடியை ஏற்றி என் மகளைப் பார்த்தாராம்.

"அம்மா அழகா எழுதியிருக்காங்க. அம்மாவுக்கு ரெண்டு மார்க் போட்டுருவோமா?"

வகுப்பே சிரித்திருக்கிறது. "ஒடம்பு சரியான பொறவு நீ எழுது, ரெண்டு பக்கம் போதும்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மகள் அன்று மாலை அதைச் சொல்லும்போது சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் மில்லில் ஒரு பெரியவர், அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் எப்போதும் அன்பானவர். அவர் மூலமாகத் தலைமையாசிரியையிடம் பேசி, என் மகளை 'ஏ' பிரிவிலிருந்து 'பி' பிரிவுக்கு மாற்றினேன்.

'பி' பிரிவு டீச்சர் வயதில் சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, நீங்க அட்டென்டன்ஸ் பத்திக் கவலையே படாதீங்க. என் க்ளாஸ்ல எல்லாருக்கும் ஃபுல். பாவம், படிக்கிற பிள்ளைங்க."

எனக்கு அன்று இரவு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

மகளுக்கு மாற இஷ்டமில்லை. அவளுடைய தோழிகள் 'ஏ'யில் இருந்தார்கள். "அந்த டீச்சர்ட்டயே இருக்கேம்மா" என்றாள். அவரைப் போலவே கண்ணாடி போட்டு நடித்தவள், அவரிடமே இருக்கிறேன் என்கிறாளே என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "ரெண்டு மார்க்குக்கு எம்புட்டுப் பேர் அலையிறாங்க தெரியுமா ஒனக்கு?" என்று அதட்டினேன்.

இனி அந்தப் பதினொன்று நாற்பதுக்கு வருகிறேன்.

அந்த ஜனவரியில் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் சரிபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வந்து, பட்டியலில் தன் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஹால் டிக்கெட் அதை வைத்துத்தான் வரும். இந்த வேலையை இரண்டு பிரிவுக்கும் சேர்த்து நம் டீச்சரிடம்தான் கொடுத்திருந்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? ஒவ்வொரு படத்தையும் பார்த்து, எதிரே நிற்கிற முகத்தையும் பார்த்து, கையெழுத்து வாங்கினார்.

'பி' பிரிவில் ஒரு படத்துக்கு முகம் இல்லை.

"அவ வந்திருக்கா டீச்சர், லேப்ல இருப்பா, பொறவு நான் கையெழுத்து வாங்கித் தாரேன்" என்று 'பி' பிரிவு டீச்சர் சொல்லியிருக்கிறார். இவர் லேபுக்குப் போய்ப் பார்த்தார். நூலகத்தில் பார்த்தார். பிறகுதான் எனக்குப் போன் செய்தார். என் எண்ணை அவர் ஆடி மாதத்திலிருந்து வைத்திருந்தார்.

நான் பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏறக்குறைய ஒரு மணி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு மில்லில் பகல் ஷிப்ட். போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். நான் தனியாகத்தான் போனேன்.

தலைமையாசிரியை மேசைமேல் பதிவேடு விரித்திருந்தது.

"பாருங்கம்மா. பொங்கலுக்கு முன்னாலயும் வந்திருக்கா, பின்னாலயும் வந்திருக்கா. இன்னைக்குக் காலையிலயும் வந்திருக்கா. வந்த பிள்ளை கேம்பஸை விட்டு எங்க போயிரும்? இங்கதான் எங்கயாவது இருக்கும்."

நான் அந்தக் கோடுகளைப் பார்த்தேன். வரிசையாக, ஒன்றுகூட விடாமல், என் மகள் பெயருக்கு நேரே. நான் கேட்டு வாங்கின கோடுகள். எனக்கும் அப்போது நம்பிக்கை வந்துவிட்டது. வந்திருக்கிறாள், இங்கேதான் இருக்கிறாள்.

ஒன்றேகால் மணி நேரம் தேடினோம். ஆய்வகம், மொட்டை மாடி, கழிப்பறைகள், உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் அறை. அந்த அறையின் சாவி கிடைக்க இருபது நிமிடம். உள்ளே தூசியும் ஒரு பழைய கரும்பலகையும் மட்டும் இருந்தன. காவலாளி கிணற்று மூடியை எடுத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். அப்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டீச்சர் எங்களோடு தேட வரவில்லை. கிணற்றடிக்கு வேகமாக வந்து, தலைமையாசிரியையிடம் சொன்னார்.

"வராத பிள்ளைய எங்க தேடுறீங்க?"

"ரெஜிஸ்டர்ல இருக்குல்ல?"

"நான் 'பி' க்ளாஸ் பிள்ளைங்க ஒவ்வொருத்தியா நிப்பாட்டிக் கேட்டுட்டேன். பதினோரு நாளா அவளைப் பாத்தவங்க யாருமே இல்ல."

பதினோரு நாள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளிலிருந்து, பொங்கல் விடுமுறையைக் கழித்தால் பதினோரு வேலை நாட்கள். அரையாண்டுக்குப் பிறகு பாடங்கள் முடிந்துவிடும். பிள்ளைகள் மரத்தடியிலும் லேபிலும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து படிப்பார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. காலையில் வகுப்புத் தலைவி எல்லாப் பெயருக்கும் நேரே கோடு போட்டுவிடுவாள். "டீச்சர்தான் எல்லாருக்கும் போடச் சொன்னாங்க" என்று அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சொன்னாள். 'பி' பிரிவு டீச்சர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் தேர்வு எழுதட்டும் என்று நினைத்தவர். நான் அதைத்தானே தேடிப் போனேன்.

அரையாண்டில் என் மகள் இயற்பியலில் எழுத்தில் பதிமூன்று வாங்கியிருந்தாள். தேர்ச்சிக்கு இரண்டு குறைவு. நான் அடிக்கவில்லை. பிரிட்ஜ் கதவில் இருந்த தாளில் 'பதினைந்து' என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். நான்கு நாள் அவளோடு பேசவில்லை. அவ்வளவுதான் செய்தேன் என்று போலீஸில் சொல்வதற்கு என் மனசுக்குள் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் என் கையைப் பிடித்தார். "வாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம். பஸ்ஸுல வாரவ, பஸ்ஸுலதான் எங்கயாவது போயிருப்பா."

பஸ் ஸ்டாண்டில் அவர் நின்று விசாரித்த விதத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஒவ்வொரு கண்டக்டராகப் போய்ச் சொன்னார்: "மாநிறம். இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. சிரிச்சா கீழ்வரிசைப் பல்லுல ஒண்ணு உள்ள தள்ளியிருக்கும். பேசும்போது வலது காத இழுத்துக்கிட்டே இருப்பா." நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெற்றவள் நான். ஒரு கண்டக்டர் என்னிடம், "கால்ல செருப்பா, ஷூவா அக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பினேன், காலைப் பார்க்கவில்லை. அந்த மாதம் முழுக்க அவள் முகத்தையே சரியாகப் பார்க்கவில்லை என்பதும் அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டு முகம் பார்த்தது எதற்கு என்று பிற்பாடு 'ஏ' பிரிவுப் பிள்ளைகள் சொன்னார்கள். காலையில் சாப்பிடாமல் வந்தவளை அவருக்குத் தெரியும். துணிப்பையில் எப்போதும் இரண்டு பாக்கெட் பிஸ்கட் வைத்திருப்பார். ஒருத்தி வேண்டுதலுக்கு மொட்டையடித்துவிட்டு வந்த அன்று வகுப்பு சிரித்தபோது, அவர் அவளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தல எரியுதா? ஃபேனுக்குக் கீழ வந்து உக்காரு" என்று மட்டும் சொன்னாராம். ஒருத்தியின் கன்னத்தில் இருந்த வீக்கத்தைப் பார்த்து, வகுப்பு முடிந்ததும் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அந்த வீட்டு அப்பா மறுநாள் பள்ளிக்கு வர வேண்டியிருந்தது. வந்து என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பிறகு கன்னம் வீங்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இதில் எதையும் அவர் என்னிடம் சொன்னதில்லை. ஆடி மாதம் நான் வருகை கேட்டுப் போய் நின்றபோது சொல்லியிருக்கலாம். அவருக்கு அப்படிப் பேச வராது.

வத்திராயிருப்பு டவுன் பஸ் கண்டக்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"புருவத்துல தழும்பா? ஊதாப் பை வச்சிருக்குமே, அந்தப் பாப்பாவா?"

"ஆமாய்யா."

"தெனமும் நம்ம வண்டிதான் டீச்சர். காலையில ஏறும். கிருஷ்ணன்கோவில்ல காலேஜ் பிள்ளைக இறங்குனதும் சன்னலோர சீட்டுக்கு வந்துரும். வத்திராயிருப்புல எல்லாரும் இறங்குவாங்க, அது இறங்காது. திரும்ப இதே வண்டியில இங்க வரும். பொறவும் ஏறும். லேடீஸுக்குத்தான் டிக்கெட் ஃப்ரீயாச்சே, நானும் கேட்டுக்கல. மடியில புஸ்தகம் வச்சிருக்கும். படிக்கிற பிள்ளை, வீட்ல எடஞ்சலா இருக்கும் போலன்னு நெனச்சேன்."

"இன்னைக்கு?"

கண்டக்டர் என்னைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னைக்கு இறங்கிருச்சு. ரெண்டாவது நடையில. வ. புதுப்பட்டியில, ஊருக்கு வெளிய, கம்மா ஸ்டாப்புல. அங்க யாரும் இறங்க மாட்டாங்க. என்ன பாப்பா, இங்க இறங்குறன்னு கேட்டேன். பதில் சொல்லல."

கம்மா என்றால் எங்கள் பக்கத்தில் ஏரி, அது தண்ணீர் நிறைந்திருக்கும் மாதம். நான் அந்த பஸ்ஸில் ஏறப் போனேன். டீச்சர் என்னைத் தடுத்தார்.

"நீங்க இங்கயே நில்லுங்க."

"எம்பிள்ளை டீச்சர்!"

"ஒங்க பிள்ளைதாம்மா. ஒருவேளை அவளே வேற பஸ்ஸுல திரும்பி வந்தா, இங்கதான் இறங்குவா. அப்ப இங்க ஒரு ஆள் வேணும். ஒங்களையும் என்னையும் விட்டா வேற யார்ட்டயும் அவ இப்ப வர மாட்டா. நான் போறேன்." பஸ் நகர ஆரம்பித்த பிறகு சன்னல் வழியாகச் சொன்னார். "ஒவ்வொரு பஸ்ஸா, இறங்குறவங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டே இருங்க."

அப்போது மணி இரண்டு ஐம்பது. நான் நின்றேன். எத்தனை பஸ் என்று தெரியாது. இறங்கின ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். வாழைத்தார்க்காரர், கைக்குழந்தைக்காரி, இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள், பூ விற்கிற அம்மா. சீருடையில் எந்தப் பிள்ளை இறங்கினாலும் இரண்டு எட்டு முன்னால் போனேன். டீச்சருடைய போன் கிடைக்கவில்லை. கம்மாய்ப் பக்கம் சிக்னல் இருக்காது என்று டீக்கடைக்காரர் சொன்னார். அவர் எனக்கு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை.

அந்த நாளுக்குப் பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விசாரணை வந்தது. அந்தப் பதினோரு நாட்களையும் திருத்தி, வராத நாட்கள் என்று எழுதச் சொன்னார்கள். சாட்சியாக டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும். மஞ்சள் காமாலையில் போனது, இந்தப் பதினொன்று, பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்த நாட்கள் எல்லாம் சேர்ந்தால் மன்னிப்பு விண்ணப்பத்துக்கும் எட்டாது. நான் மறுபடியும் டீச்சரிடம் போய் நின்றேன். ஆமாம், அத்தனைக்குப் பிறகும் போய் நின்றேன்.

"அந்தப் பதினொண்ணை மட்டும் இருக்கட்டும்னு விட்டுருங்க டீச்சர். பரீட்சையாவது எழுதிருவா."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"அந்தப் பதினோரு நாளும் அவ எங்க இருந்தான்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்ச பொறவு எப்படிம்மா எழுத?"

கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த மார்ச்சில் என் மகள் தேர்வு எழுதவில்லை. மறு வருடம்தான் எழுதினாள். நான் டீச்சரோடு பேசாமல் இருந்துவிட்டேன். அவர் ஓய்வு பெற்ற விழாவுக்கும் போகவில்லை. ஒரு வருடம் போன பிறகு, நன்றி சொல்ல வேண்டும் என்று அந்த எண்ணுக்கு அடித்தேன். வேறு யாரோ எடுத்தார்கள்.

அன்று மாலை ஆறு இருபதுக்கு வத்திராயிருப்பு பஸ் வந்து நின்றது. முன்வாசலில் முதலில் டீச்சர் இறங்கினார். சேலை முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு கால் செருப்பு இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஊதாப் பையோடு என் மகள் இறங்கினாள். அவள் சீருடை காய்ந்துதான் இருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

டீச்சர் அவளை என் பக்கம் நகர்த்தினார். "கம்மாக் கரையில உக்காந்திருந்தா. நான் ஒண்ணும் கேக்கல, நீங்களும் கேக்காதீங்க" என்றார். பிறகு பேக்கரிப் பக்கம் போய்விட்டார்.

நான் கேட்கவில்லை. அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவளாகத்தான் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை.

"தெனமும் இன்னைக்கு ஒனக்குப் போன் போயிரும்னு நெனச்சேம்மா. நீ வந்து திட்டுவ, அடிப்ப, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவன்னு பஸ்ஸுலயே உக்காந்திருந்தேன். பதினோரு நாளா யாருமே என்னத் தேடலம்மா."